இலக்கை விட்டவர்களும் வழியை விட்டவர்களும்

உளுந்தூர்பேட்டையில் சட்டமன்றத் தேர்தல் வந்தால், வேட்பாளர் மனுவைக் கொடுத்த கையோடு தேர்தல் நடத்தும் அலுவலர் எதிரில் நின்று ஓர் உறுதிமொழியை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய கட்சிக்காரரானாலும் சரி, டெபாசிட் போகும் என்று தெரிந்தே நிற்கும் சுயேச்சையானாலும் சரி, யாருக்கும் விலக்கு கிடையாது. இந்திய அரசமைப்பிடம் உண்மையான பற்றுக் கொண்டிருப்பேன், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்பது அதன் சாரம். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும் தொண்டர் கூட்டத்துக்கு அது ஒரு சடங்கு. ஆனால் வேட்பாளருக்கென்று இப்படி ஓர் உறுதிமொழி 1963க்கு முன் இருந்ததில்லை. அது எழுதப்பட்டபோது டெல்லியின் மனதில் முதலில் இருந்தது ஒரு கட்சிதான்: அன்று திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த திராவிட முன்னேற்றக் கழகம்.

1989 டிசம்பரில் ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டிலும் ஓர் உறுதிமொழிச் சண்டை நடந்தது. பாஸ்க் நாட்டுக்குத் தனி விடுதலை கேட்ட இடதுசாரிக் கட்சியான ஹெர்ரி பதசுனாவின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் பதவியேற்க எழுந்தார்கள். அரசமைப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டதற்கு, சட்டம் கட்டாயப்படுத்துவதால் ஏற்கிறோம் என்று முன்னால் ஒரு வார்த்தையைச் சேர்த்துப் பதில் சொன்னார்கள். அவைத்தலைவர் ஃபெலிக்ஸ் போன்ஸ், இது செல்லாது என்று அவர்களை வெளியேற்றினார். வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொன்னாலும் உறுதிமொழி செல்லும் என்று 1990 ஜூனில் தீர்ப்பு வந்தது.

இரண்டும் பிரிவினை கேட்ட கட்சிகள். இரண்டின் மீதும் அரசு சட்டம் கொண்டுவந்தது. இரண்டின் வாரிசுகளும் பின்னாளில், எந்த நாட்டிலிருந்து பிரிய நினைத்தார்களோ அந்த நாட்டின் தலைநகரில் ஆட்சி அமையக் கை கொடுக்கும் இடத்துக்கு வந்தார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர அவர்கள் விட்டுக்கொடுத்தது ஒன்றல்ல. திமுக இலக்கை விட்டது. மேடை, பத்திரிகை, வாக்குச்சாவடி என்ற வழியை வைத்துக்கொண்டது. பாஸ்க் இடதுசாரிகள் தனிநாடு என்ற இலக்கை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஆயுதத்துக்குத் துணை நிற்கும் வழியைத்தான் விட்டார்கள். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

ஒரு மறுப்பை முதலிலேயே கேட்டுக்கொள்வோம். திமுகவுக்கு இணை 1895ல் சபினோ அரானா தொடங்கிய பாஸ்க் தேசியவாதக் கட்சி அல்லவா? மாநில ஆட்சி, மொழிப் பெருமை, மத்திய அரசோடு பேரம் என்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1963க்கு முந்தைய திமுகவும் 2011க்கு முந்தைய ஹெர்ரி பதசுனாவும் ஒரே கேள்வியைச் சந்தித்தன. இப்படியே தொடர்ந்தால் தேர்தலில் இடமில்லை என்று அரசு சொல்லும்போது ஒரு கட்சி என்ன செய்யும்? தேசியவாதக் கட்சிக்கு அந்தக் கேள்வி அப்படி வரவில்லை.

பிறந்த சூழல்

திமுக பிறந்தது 1949 செப்டம்பர் 17 அன்று, சென்னை ராயபுரத்து ராபின்சன் பூங்காவில். பெரியாரின் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் தாய்க்கழகத்தின் திராவிட நாடு கோரிக்கையையும் கூடவே எடுத்துவந்தார்கள். அப்போது நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு ஆண்டுதான். நான்கு மாதத்தில் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கூட்டம் போடலாம், பத்திரிகை நடத்தலாம். சிறைக்கும் போக நேரும், ஆனால் வெளியே வந்து மறுபடி கூட்டம் போடலாம்.

ஹெர்ரி பதசுனா உருவானது 1978 ஏப்ரலில், நவாரா மாகாணத்தின் அல்ட்சாசு ஊரில். நான்கு சிறு இடதுசாரி, தேசியவாத அமைப்புகள் சேர்ந்த கூட்டணி அது. பெயருக்கு மக்கள் ஒற்றுமை என்று பொருள். அதற்குமுன் 36 ஆண்டு ஜெனரல் பிராங்கோவின் சர்வாதிகாரம். 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகா நகரைக் குண்டு வீசி எரித்த நினைவு, பாஸ்க் மொழியைப் பொது இடத்திலிருந்து விரட்டிய காலம், சிறை, மரண தண்டனை எல்லாம் அந்தக் கட்சிக்குப் பின்னால் இருந்தன. 1959லேயே ஏட்டா என்ற ஆயுதக் குழு பிறந்திருந்தது. கட்சி பிறப்பதற்கு 19 ஆண்டு முன்பே துப்பாக்கி பிறந்துவிட்டது என்பதே இந்த ஒப்பீட்டில் மிகக் கனமான செய்தி.

ஒரு விஷயத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. கேட்ட நிலப்பரப்பு பெரிது, வாக்கு விழுந்த நிலப்பரப்பு சிறிது. திராவிட நாடு நான்கு மொழி பேசும் தென்னகம் முழுவதையும் கேட்டது. ஆனால் வாக்கு தமிழ்ப் பகுதியில்தான் விழுந்தது. 1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபின் தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஆளுக்கொரு சட்டமன்றத்தோடு திருப்தியாகப் போனார்கள். ஹெர்ரி பதசுனா கேட்டது ஸ்பெயினில் நான்கும் பிரான்சில் மூன்றுமாக ஏழு மாகாணம். பிரான்ஸ் பக்கம் அதற்கு வலு இருந்ததில்லை. நவாராவில் பலர் தங்களைத் தனி ஆளாகவே நினைத்தார்கள்.

இந்த இடைவெளியை உள்ளிருந்தே சுட்டிக்காட்டிப் பிரிந்துபோனவர் இங்கே ஈ.வெ.கி. சம்பத். திராவிட நாடு நடக்கிற காரியமல்ல என்று சொல்லி 1961ல் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். 1962 தேர்தலில் அது எடுபடவில்லை. 1964ல் காங்கிரசில் கரைந்தது. பாஸ்க் பக்கம் அப்படிப் பிரிந்தவர் பாட்சி சபலேட்டா. 2001ல் அவர் தொடங்கிய அராலார் கட்சி தனிநாட்டைக் கைவிடவில்லை. கொலைகளுக்குத் துணை போகமாட்டோம் என்றுதான் வெளியே வந்தது. இங்கே பிரிந்தவர் இலக்கைக் கேள்வி கேட்டார், அங்கே பிரிந்தவர் வழியைக் கேள்வி கேட்டார். இரண்டு இயக்கங்களும் எங்கே போய்ச் சேரும் என்பது இந்த இரண்டு பிளவுகளிலேயே தெரிந்துவிட்டது. முன்கூட்டிச் சொன்ன இருவருக்கும் அன்று வாக்காளர் பெரிதாக மதிப்பெண் போடவில்லை என்பதும் ஒற்றுமைதான்.

படிப்பகமும் மக்கள் மதுக்கடையும்

கட்சி ஊருக்குள் எப்படி வேர்விட்டது என்று பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஐம்பதுகளில் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் திமுக என்றால் ஒரு படிப்பகம், ஒரு மன்றம், கறுப்பு சிவப்புக் கொடிக்கம்பம். முரசொலி, நம் நாடு, திராவிட நாடு ஆகிய இதழ்கள் அங்கே வந்து விழும். எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். டீக்கடை பெஞ்சும் முடிதிருத்தும் நிலையமும் அந்தப் படிப்பகத்தின் நீட்சி. கையில் காசில்லாத இளைஞனுக்கு அடுக்குமொழியும், அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போக ஒரு சைக்கிளும் கிடைத்த இடம் அது.

பாஸ்க் ஊர்களில் அந்த இடத்தில் இருந்தது மக்கள் மதுக்கடை. ஹெர்ரிகோ தபெர்னா என்பார்கள். மாலையில் வேலை விட்டு வருகிறவர் ஒரு கோப்பை வைனோடு உட்காருவார். சுவரில் சிறையில் இருக்கும் ஏட்டா ஆட்களின் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். கைதிகளின் குடும்பத்துக்கென்று கல்லாப்பெட்டியருகே உண்டியல். பில்பாவோவின் கப்பல் கட்டும் தளங்களில் ஆட்குறைப்பு நடந்த எண்பதுகளில் வேலையிழந்த தொழிலாளிக்கும் அவர் மகனுக்கும் அரசியல் பாடம் அங்கேதான் நடந்தது. லெமோனிஸ் அணுமின் நிலைய எதிர்ப்பு, பாஸ்க் மொழிப் பள்ளி, பெண்ணுரிமை, கட்டாய ராணுவச் சேவை மறுப்பு என்று ஒரு தலைமுறையின் எல்லாக் கோபமும் அந்தக் கடைக்குள் வந்து சேர்ந்தது.

வித்தியாசம் சுவரில்தான் இருந்தது. படிப்பகச் சுவரில் மாட்டியிருந்தவர்கள் பேச்சாளர்களும் எழுத்தாளர்களும். மதுக்கடைச் சுவரில் இருந்தவர்கள் ஆயுதம் எடுத்துச் சிறைப்பட்டவர்கள். பல ஆண்டு கழித்து ஸ்பானிய நீதிமன்றங்கள் சுமார் நூறு மதுக்கடைகளை ஏட்டாவின் வலைப்பின்னல் என்று சொல்லிப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டன. படிப்பகங்களுக்கு அப்படி நேரவில்லை. ஆட்சி கைக்கு வந்தபின் அவற்றில் பலவும் தாமாகவே தேய்ந்துபோயின.

உட்கார்ந்த நாற்காலி, காலி நாற்காலி

உளுந்தூர்பேட்டை அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். 1952ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் தென்னார்க்காடு மாவட்டம் ஒரு விநோதமான சோதனைக்களம் ஆனது. திமுக அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. சட்டமன்றத்தில் திராவிட நாட்டுக்காகக் குரல் கொடுப்பேன் என்று எழுதிக் கையெழுத்திடும் வேட்பாளருக்கு ஆதரவு தருவோம் என்று அறிவித்தது. தென்னார்க்காட்டில் வலுவாக இருந்த எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும், எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றன. உழைப்பாளர் கட்சி 19 இடங்களிலும் காமன்வீல் 6 இடங்களிலும் வென்றன.

அடுத்து நடந்தது திமுகவுக்கு ஒரு பாடம். மாணிக்கவேலு நாயக்கர் அதே ஆண்டே ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். இராமசாமி படையாட்சியார் 1954ல் காமராஜர் அமைச்சரவைக்குப் போனார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கலந்தன. கையெழுத்துப் போட்ட தாள் காகிதமாகவே நின்றது. வன்னியர் சமூகத்துக்குக் கல்வி, வேலை, பிரதிநிதித்துவம் வேண்டும் என்று எழுந்த கட்சிகளுக்குத் திராவிட நாடு தூரத்துக் கனவு. அமைச்சர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்தவர் தோளில் துப்பாக்கி வைத்துச் சுட முடியாது என்று புரிந்துகொண்ட திமுக 1957ல் தானே களத்தில் இறங்கி 15 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. 1962ல் அது 50 ஆனது. காஞ்சிபுரத்தில் தோற்ற, கட்சியை நிறுவிய அண்ணா மாநிலங்களவைக்குப் போய், அந்த ஆண்டு மே மாதக் கன்னிப் பேச்சிலேயே திராவிடருக்குத் தன்னுரிமை கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹெர்ரி பதசுனா நேர் எதிரான முடிவை எடுத்தது. 1979 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 1,72,000 வாக்குகளோடு 3 இடம் வென்றும் மாட்ரிட்டில் போய் உட்காரவில்லை. 1980ல் பாஸ்க் மாநில நாடாளுமன்றத்தின் முதல் தேர்தலில் 60க்கு 11 இடம் பெற்று இரண்டாவது பெரிய கட்சியானது. தன்னாட்சிச் சட்டத்தை ஏற்கவில்லை என்பதால் அங்கேயும் உட்காரவில்லை. விளைவு என்ன? தேசியவாதக் கட்சிக்கு 25 இடம். 60ல் 25 சிறுபான்மை. 11 நாற்காலி காலியானால் மிச்சம் 49ல் 25 பெரும்பான்மை. புரட்சிகரமான புறக்கணிப்பு, மிதவாதப் போட்டியாளருக்கு இலவசமாக ஆட்சியைக் கொடுத்தது.

அவைக்கு அவர்கள் வந்ததும் உண்டு. 1981 பிப்ரவரி 4ல் அரசர் குவான் கார்லோஸ் கெர்னிகாவின் பழம்பெரும் மன்றத்துக்கு வந்து பேசத் தொடங்கியபோது, ஹெர்ரி பதசுனா உறுப்பினர்கள் எழுந்து முஷ்டியை உயர்த்திப் பாஸ்க் போர்வீரர்களின் பாடலைப் பாடினார்கள். காவலர்கள் அவர்களை இழுத்து வெளியேற்றும் வரை அரசர் மேடையில் நின்றபடி காத்திருந்தார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த காட்சி. அந்த ஒரு நாளில் கிடைத்த வெளிச்சம் பத்தாண்டு அவைப்பேச்சில் கிடைக்காது என்று கட்சி நம்பியது.

ஆனால் ஊராட்சியில் அவர்கள் வேறு ஆட்கள். நகர மன்றங்களில் உட்கார்ந்தார்கள், மேயர்களானார்கள், குடிநீர், குப்பை, திருவிழாக் கணக்கு என்று அன்றாட வேலையைப் பார்த்தார்கள். மாட்ரிட்டில் காலி நாற்காலி, உள்ளூரில் நிரம்பிய நாற்காலி. பின்னாளில் அவர்களை மாற்றியது இந்த உள்ளூர் நாற்காலிகளை இழந்ததுதான்.

துப்பாக்கி எங்கே இருந்தது

திமுகவின் வரலாற்றில் ரத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. 1965 ஜனவரி, பிப்ரவரி இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசுக் கணக்குப்படியே சுமார் 70 பேர் இறந்தார்கள். ஜனவரி 27 அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். ஆனால் அங்கே துப்பாக்கி இருந்தது அரசின் கையில். தொண்டர் தன் உடலைத்தான் எரித்துக்கொண்டார். போராட்டம் வன்முறையாக மாறியபோது திமுக தலைமை தன்னை அதிலிருந்து விலக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் இலக்கையும் ஆயுதத்தையும் ஒன்றாக எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. அதுவும் இந்தப் பக்கத்தில்தான். உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போய்த் தெற்கே இறங்கினால் பெண்ணாடம். அதை ஒட்டிய சௌந்தரசோழபுரம் புலவர் கு. கலியபெருமாளின் ஊர். தமிழாசிரியராக இருந்து நக்சல்பாரி இயக்கத்துக்கு வந்தவர்; மரண தண்டனை பெற்று, அது ஆயுளாகக் குறைந்து, 1983ல் வெளியே வந்தவர். வெள்ளாற்றைத் தாண்டினால் செந்துறைப் பக்கம் பொன்பரப்பி, தமிழரசனின் ஊர். மார்க்சிய லெனினியத்திலிருந்து தமிழ்த் தேசிய விடுதலைக்கு நகர்ந்த தமிழரசன் தொடங்கிய தமிழ்நாடு விடுதலைப் படை, கொள்கையளவில் ஏட்டாவுக்கு மிக நெருக்கம்: இடதுசாரி, தனிநாடு, ஆயுதம்.

1986 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து பயணிகள் பலர் இறந்தார்கள். 1987 செப்டம்பர் 1ல் பொன்பரப்பி வங்கியைக் கொள்ளையிட வந்த தமிழரசனும் தோழர்களும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மாறுவேடப் போலீஸார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. எஞ்சியவர்கள் காட்டுக்குள் வீரப்பனோடு சேர்ந்து 2000ல் நடிகர் ராஜ்குமார் கடத்தலில் தலைகாட்டினார்கள். 2002ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் கீழ் அமைப்புக்குத் தடை வந்தது.

இந்த மூவரையும் வரிசைப்படுத்தினால் படம் தெளிவாகிறது. திமுக துப்பாக்கி இல்லாத கட்சி. தமிழ்நாடு விடுதலைப் படை கட்சி இல்லாத துப்பாக்கி. ஹெர்ரி பதசுனா துப்பாக்கியின் பக்கத்தில் நின்ற கட்சி. ஏட்டா 800க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1987 ஜூன் 10ல் ஹெர்ரி பதசுனா ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை வென்று கொண்டாடியது. ஒன்பதாவது நாள் பார்சிலோனாவின் ஹிபெர்கோர் அங்காடியில் ஏட்டா வைத்த குண்டில் 21 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் கட்சியிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: கண்டிக்கிறீர்களா? பதில் மௌனம், அல்லது அரசின் வன்முறையையும் பாருங்கள் என்ற எதிர்வாதம்.

அந்த எதிர்வாதத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 1983 முதல் 1987 வரை ஜி.ஏ.எல். (கால்) என்ற கொலைக்குழு 27 பேரைக் கொன்றது. அதன் பின்னால் அரசு இருந்தது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, முன்னாள் உள்துறை அமைச்சர் ஹொசே பாரியோனுவேவோ 1998ல் தண்டனை பெற்றார். கட்சித் தலைவர் சாந்தியாகோ புரோவார்ட் 1984 நவம்பர் 20ல் சுடப்பட்டார். சரியாக ஐந்தாண்டு கழித்து அதே தேதியில், பதவியேற்க மாட்ரிட் வந்திருந்த ஹொசு முகுருசா ஒரு ஹோட்டல் உணவகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தொடக்கத்தில் சொன்ன உறுதிமொழிச் சண்டை அந்தக் கொலை நடந்த சில நாட்களில் நடந்தது.

இரண்டு சட்டங்கள்

1962 அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியது. அண்ணா பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்துப் போர் முயற்சிக்கு ஆதரவு தந்தார். ஆனால் சர் சி.பி. ராமசாமி ஐயர் தலைமையில் அமைந்த தேசிய ஒருமைப்பாட்டுக் குழு, பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1963 ஜனவரியில் மசோதா வந்தது. மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசினார். அக்டோபரில் அரசமைப்பின் 16ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றுக்கு இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற பெயரில் வரம்பு விதிக்கலாம் என்றது. வேட்பாளரின் உறுதிமொழியும் அப்போது வந்ததுதான். அடுத்த மாதமே திமுக தன் கட்சி விதியைத் திருத்தியது. வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்று அண்ணா விளக்கம் சொன்னதாகக் கட்சிக்காரர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

ஸ்பெயினின் கட்சிகள் சட்டம் வந்தது 2002 ஜூனில். ஆகஸ்ட் 4ல் சாந்தா பொலாவில் ஏட்டா வைத்த கார் குண்டு ஆறு வயதுச் சிறுமி உட்பட இருவரைக் கொன்றது. அப்போது பதசுனா என்று பெயர் மாற்றியிருந்த கட்சி கண்டிக்க மறுத்தது. அந்த மாதமே நீதிபதி பல்தசார் கார்சோன் கட்சியின் செயல்பாட்டை நிறுத்திவைத்தார். 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. 2009 ஜூன் 30ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்தத் தடை சரிதான் என்றது.

இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறுபாடு கண்ணில் அடிக்கும். இந்தியச் சட்டம் கோரிக்கையையே தேர்தல் வாசலில் நிறுத்தியது. அண்ணா ஒரு கல்லைக்கூட எறியச் சொன்னதில்லை என்பது அதற்குப் பொருட்டில்லை. ஸ்பானியச் சட்டமோ தனிநாடு கேட்பதைத் தடுக்கவில்லை. கொள்கை எதுவானாலும் இருக்கலாம், வன்முறைக்கு உடந்தையாக இருக்கக் கூடாது என்று அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றமே விளக்கியது. அராலாருக்கு ஒரு தொல்லையும் வரவில்லை.

ஆனால் ஸ்பானியச் சட்டத்துக்கு வேறொரு முள் உண்டு: அது மௌனத்தையும் மறைமுக ஆதரவாகக் கணக்கில் எடுத்தது. இங்கே அதே காலத்தில் நடந்ததோடு இதை ஒப்பிடலாம். விடுதலைப் புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காக மதிமுகவின் வைகோ 2002 ஜூலையில் பொடாவில் கைதாகி 19 மாதம் சிறையில் இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கமில்லாத வெறும் தார்மீக ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்று சொன்னது. கோரிக்கை விஷயத்தில் இந்தியா கண்டிப்பு, ஸ்பெயின் தாராளம். பேச்சு, மௌனம் என்று வந்தால், குறைந்தது அந்த ஒரு தீர்ப்பின் அளவில், நிலை தலைகீழ்.

விட்ட பிறகு

திமுகவுக்குக் கணக்கு சுலபமாக இருந்தது. 1963ல் கையில் 50 இடம், கண்ணுக்கெட்டும் தூரத்தில் கோட்டை. 1967ல் 137 இடத்தோடு உள்ளே போனது. 1968ல் இருமொழிக் கொள்கை, 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்ற பெயர், அதே ஆண்டு மத்திய மாநில உறவுகளை ஆராய ராஜமன்னார் குழு, 1974ல் மாநில சுயாட்சித் தீர்மானம். பிரிவினை விட்ட இடத்தில் சுயாட்சி வந்து உட்கார்ந்தது. 1989லிருந்து டெல்லிக் கூட்டணி ஆட்சிகளில் அது மாறி மாறிப் பங்கேற்றது.

பாஸ்க் இடதுசாரிகளுக்கு அந்தப் பாடம் வர 33 ஆண்டு ஆனது. தடைக்குப் பின் வேறு பெயர்களில் நின்று பார்த்தார்கள். சில நுழைந்தன, பல தடுக்கப்பட்டன. 2009 மாநிலத் தேர்தலில் இடமே கிடைக்காமல் ஆதரவாளர்கள் போட்ட சுமார் 1 லட்சம் வாக்கு செல்லாத வாக்கானது. மேயர் நாற்காலியும் நகர மன்றமும் போயின. இதற்கிடையில் 2006ல் ஏட்டா அறிவித்த போர்நிறுத்தத்தை அதே ஏட்டா டிசம்பர் 30ல் மாட்ரிட் விமான நிலையத்தில் குண்டு வைத்து உடைத்தது. இறந்தவர்கள் ஈக்வடாரிலிருந்து வேலை தேடி வந்த இரு இளைஞர்கள். அர்னால்டோ ஒதெகி போன்ற தலைவர்கள் இனி ஆயுதம் சுமை என்று வெளிப்படையாகவே நகர்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் சோர்து என்ற புதுக் கட்சியின் விதியிலேயே ஏட்டாவின் வன்முறை உட்பட எல்லா வன்முறையையும் நிராகரிக்கிறோம் என்று எழுதினார்கள். அக்டோபர் 20ல் ஏட்டா ஆயுதப் போராட்டத்தை நிறுத்தியது. 2018 மேயில் கலைந்தது. 2024 ஏப்ரல் தேர்தலில் இவர்களின் கூட்டணியான இ.எச். பில்டு 75க்கு 27 இடம் பெற்றுத் தேசியவாதக் கட்சியோடு சரிசமமாக வந்தது. மாட்ரிட்டில் பெத்ரோ சாஞ்செஸ் ஆட்சி அமைய 2023ல் வாக்களித்தது.

இலக்கை விடாதவர்கள் அதிகம் பெற்றார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பாஸ்க் மாகாணங்கள் தங்கள் வரியைத் தாங்களே வசூலித்து மாட்ரிட்டுக்கு ஒரு பங்கைக் கட்டுகின்றன. தமிழ்நாடு வரிப் பகிர்வில் 2021-26 காலத்துக்கு 15ஆம் நிதிக்குழு தந்த 4.079 சதவீதத்தை வைத்துக்கொண்டு மன்றாடியது. பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரியுரிமை 1979 தன்னாட்சிச் சட்டத்திலும் 1981 நிதி ஒப்பந்தத்திலும் வந்தது. பேசி வாங்கியது மிதவாதிகள், நிராகரித்தது ஹெர்ரி பதசுனா. துப்பாக்கி வாங்கித் தந்த வரி அல்ல அது.

இந்தியச் சட்டம் விட்டுச்சென்ற வடுவையும் சொல்லியாக வேண்டும். இலக்கையே குற்றமாக்கியதால், சுயாட்சி கேட்பவர் மீதும் பிரிவினைச் சந்தேகம் அறுபது ஆண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜமன்னார் குழு கேட்ட பலதையும் ஆராய 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அமைக்க வேண்டியிருந்தது. ஸ்பெயினில் தனிநாடு பற்றிய விவாதம் திறந்த அவையில் நடக்கிறது. அதனாலேயே அதற்கு மறுப்பும் திறந்த அவையில் கிடைக்கிறது.

இரண்டு சட்டமும் பலித்ததற்குக் காரணம் ஒன்றே. இரண்டும் மிரட்டியது வாக்குச்சீட்டில் உள்ள இடத்தை. அந்த இடத்தைக் காப்பாற்ற ஒரு கட்சி இலக்கை விட்டது, இன்னொன்று வழியை விட்டது. 1980ல் நாற்காலிகளைத் தானே காலியாக விட்டிருந்த கட்சியை எந்தச் சட்டமும் மாற்றியிருக்க முடியாது. ஊர் ஊராக மேயர்களை வைத்திருந்து இழந்த கட்சி மாறியது. தமிழ்நாடு விடுதலைப் படைக்கு விதித்த தடை யாரையும் மாற்றவில்லை, ஏனென்றால் அவர்களிடம் இழப்பதற்கு வாக்குச்சீட்டே இல்லை. பொன்பரப்பியில் அவர்களைச் சூழ்ந்த கூட்டத்தில் அவர்கள் விடுவிக்க நினைத்த மக்களும் இருந்தார்கள். அந்த மக்களிடம் அவர்கள் ஒருமுறைகூட வாக்குக் கேட்டுப் போனதில்லை. பிரிவினை பேசுகிறவர்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்த நினைக்கும் எந்த அரசும் முதலில் பார்க்க வேண்டியது, இழக்க மனம் வராத ஒரு நாற்காலி அவர்களுக்கு இருக்கிறதா என்பதை. 1957க்கும் 1967க்கும் இடையில் தமிழ்நாட்டில் அது இருந்தது. திராவிட நாடு கேட்ட கட்சியின் பக்கத்தில் ஓர் ஏட்டா வளராமல் போனதில் 16ஆம் திருத்தத்தைவிட அதற்கே பங்கு அதிகம்.